கடற்காற்றுக்குத் தாங்குகிற கம்ப்யூட்டர்

சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் சந்து ஒன்றில் டோரதியின் வீடு இருக்கிறது. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானங்கள் கடல் பக்கமிருந்து வரும் நாட்களில், அந்த வீட்டு மொட்டைமாடிக்கு நேர் மேலேதான் சக்கரத்தைக் கீழே விட்டுக்கொண்டு போகும். ஆறு வயதில் டோரதி அவற்றுக்குக் கையாட்டினாள். இப்போது வயது ஐம்பத்தொன்பது. கையாட்டுவதை விட்டாயிற்று, ஆனால் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பது மட்டும் போகவில்லை. ஓட்டுகிறவனுக்கு நம் மாடி தெரியுமா, தெரியாதா? இந்தக் கேள்வி ஐம்பது வருஷத்துக்கு மேலாக அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

மகன் லாய்ட் மஸ்கட்டில் இருக்கிறான். வந்து போகச் சொல்லி, டிக்கெட் போடட்டுமா என்று இரண்டு முறை கேட்டான். டோரதி அசைந்து கொடுக்கவில்லை. பயணியாக ஏறினால் பக்கவாட்டு ஜன்னல்தானே கிடைக்கும், முன்னால் யார் உட்காரவிடுவார்கள் என்பது அவளுடைய வாதம்.

பக்கத்தில் இருந்த கான்வென்ட் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் லேப் உதவியாளராக இருந்தவள் அவள். பிள்ளைகளுக்கு 'லேப் ஆன்ட்டி'. எந்தப் புட்டியில் எந்த உப்பு என்று சீட்டு ஒட்டியது அவள் கை. பிள்ளைகள் அரை நாள் திண்டாடிக் கண்டுபிடிக்கும் விடை அவளுக்குக் காலையிலேயே தெரியும். விடை தெரியாத பரிசோதனை ஒன்றையாவது தானே செய்துபார்க்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு உண்டு. அதை யாரிடம் போய்ச் சொல்வது? பீக்கரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வருவாள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், வீட்டிலிருந்தே விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று இருப்பதை செல்போனில் பார்த்தாள். அதில் உலகம் முழுக்க இருந்தது. சென்னையும் இருந்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"கேமிங் பிசியா? மம்மி, உங்களுக்கா?" என்றான் லாய்ட். பத்து நிமிஷத்தில் ஒரு பட்டியல் அனுப்பினான். "இதை அப்படியே கடையில குடுங்க. மண்டையைப் போட்டு உடைச்சிக்காதீங்க. ஈஸ்டருக்குள்ள வாங்கலன்னா ரெடிமேடா ஒண்ணு நானே ஆர்டர் பண்ணி அனுப்பிடறேன்."

மண்டையை உடைத்துக்கொள்ளாதே என்று டோரதியிடம் சொன்னவன் பிழைத்ததில்லை. ஓய்வுப் பணத்தில் எழுபதாயிரம் இதற்கென்று எடுத்து வைத்திருந்தாள். வாங்குவது ஒரு முறைதான். வீணாய்ப் போனால் ஆசையையும் அதோடு சேர்த்து மூட்டை கட்டவேண்டியதுதான். கடலின் உப்புக்காற்று வீசும் அந்த வீட்டிலோ இரும்பு நிற்காது. மூன்றே வருஷத்தில் டிவி போய், புதிது வாங்கவேண்டி வந்தது. ஃபிரிட்ஜின் கால்கள் உதிர்ந்து, இப்போது செங்கல் மேல் நிற்கிறது. மஸ்கட்டில் ஏசி அறையில் உட்கார்ந்து பட்டியல் போட்டவனுக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில், மாடிக் கடை ஒன்றில் கடைக்காரன் நதீமைப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், பேசிக்கொண்டே ஸ்க்ரூ முடுக்குகிறவன்.

"இன்னா ஆன்ட்டி, பையனுக்கா?"

"எனக்குத்தான். ஃபிளைட் ஓட்ட."

நதீம் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு லாய்டின் பட்டியலைப் படித்தான். "இது சுடுற கேமுக்குப் போட்ட லிஸ்ட்டு ஆன்ட்டி. பாதிக் காசு கிராபிக்ஸ் கார்டுலயே பூட்ச்சி. ஃபிளைட்டுக்கு பிராசசரும் ராமும் வீக்கா இருந்தா, எவ்ளோ பெரிய கார்டு போட்டாலும் படம் திக்கித் திக்கித்தான் வரும்."

"ஏன் அப்படி?"

அவன் சொன்னான். அவள் மறுபடி ஏன் என்றாள். படம் வரைவது கார்டு. காற்று, எடை, வேகம் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி கணக்குப் போடுவது பிராசசர். அந்தக் கணக்கைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது ராம் என்று அவளுக்குப் புரிகிறவரை நதீமை விடவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள்.

"இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி ஏன் முன்பக்கம் வலையா இருக்கு?"

"காத்து உள்ள போவணும் ஆன்ட்டி. அப்பதான் சூடு ஏறாது."

"எங்க வீடு கடலோரம். காத்தோட உப்பும் வரும். அது உள்ள போய் போர்டு மேல உக்காந்தா?"

நதீம் வலையை விரலால் தடவிப் பார்த்தான். "பதினோரு வருசமா கடை வெச்சிக்கினு கீறேன். யாரும் இதைக் கேட்டதில்ல."

"அப்ப நான் பாத்துச் சொல்றேன். செத்துப்போன மதர்போர்டு மூணு குடுங்க. மூணும் ஒரே மாடலா இருக்கணும்."

குப்பைப் பெட்டியைத் துழாவி எடுத்துக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. "என்னாச்சுன்னு வந்து சொல்லுங்க ஆன்ட்டி" என்றான். கேள்வி அவனையும் பிடித்துக்கொண்டுவிட்டது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று, பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்த கையோடு, டோரதி மூன்று போர்டுகளையும் வைத்தாள். ஒன்று கடல் பார்த்த ஜன்னலில் சும்மா. இரண்டாவது, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய பிஸ்கட் டின்னுக்குள். மூன்றாவதையும் அதே ஜன்னலில்தான் வைத்தாள், ஆனால் அதை ஒட்டி ஒரு குண்டு பல்பைப் பொருத்தி, தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் எரியவிட்டாள். பள்ளியில் மைக்ராஸ்கோப் அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க பல்பு போட்டு வைத்த பழக்கம்.

துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர் மரியதாஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் தவக்காலத்துக்குக் கறியை விட்டேன். நீ எதை விட்ட?"

"கம்ப்யூட்டர் வாங்கறதை."

"இந்தப் பல்புக்குக் கரண்ட் பில் யார் கட்டறது?"

"கறி வாங்காத காசு இருக்கில்ல."

மரியதாஸ் பல்பை முறைத்துவிட்டு நகர்ந்தார். நாலாவது வாரம் அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலண்டை போய்க் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். பார்த்ததை ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

தவக்காலம் முடிந்து ஈஸ்டர் ஞாயிறு வந்தது. ஜன்னலில் சும்மா கிடந்த போர்டில் செம்பெல்லாம் பச்சை பூத்து, ஸ்க்ரூக்கள் துருவில் பொரிந்திருந்தன. டின்னுக்குள் இருந்தது புத்தம்புதிதாக இருந்தது. அது அவள் எதிர்பார்த்ததுதான். மூன்றாவதைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதே ஜன்னல், அதே உப்பு, அதே காற்று. ஒரே ஒரு ஸ்க்ரூவின் தலையில் லேசான செம்மை. மற்றபடி பளிச்சென்று இருந்தது. எல்லோரும் பயப்படும் சூடு, தினம் கொஞ்சமாகக் கிடைத்தால் ஈரத்தை அண்டவிடாமல் போர்டைக் காப்பாற்றிவிடுகிறது. எந்தப் புத்தகத்திலும் பார்த்து வைக்காத விடை இது. டோரதிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

லாய்டை வீடியோவில் கூப்பிட்டு மூன்றையும் காட்டினாள். அவன் ஒவ்வொன்றையும் கிட்டத்தில் காட்டச் சொன்னான்.

"இதை யார் மம்மி சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. வெச்சுப் பார்த்தேன்."

"சரி. லிஸ்ட் நீங்களே போடுங்க" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் கேலி இல்லை, அவளுக்கு அது போதும்.

பட்டியல் போட்டாள். கண்ணாடிக் கதவும் கலர் விளக்கும் வைத்த பெட்டி வேண்டாம். கழற்றிக் கழுவுகிற மாதிரி தூசி வடிகட்டி வைத்த சின்னப் பெட்டி போதும், தூசி படிந்தால் அதில் உப்பும் ஈரமும் தங்கும். கார்டில் ஒரு படி இறங்கி, அந்தக் காசில் பிராசசரையும் ராமையும் ஏற்றினாள். மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸில் மிச்சம் பிடிக்கப் பார்த்தபோது மட்டும் நதீம் குறுக்கே விழுந்தான். "அதுல கை வெக்காதீங்க ஆன்ட்டி, அது பூட்ச்சின்னா மத்த எல்லாத்தையும் இட்டுக்கினு போவும்." நியாயம்தான் என்று விட்டுக்கொடுத்தாள். மானிட்டர் வேண்டாம், புது டிவியே போதும் என்றதும் விமானத்தைத் திருப்பும் கைப்பிடி, அந்த ஜாய்ஸ்டிக்குக்கு இடம் கிடைத்தது. பாகங்களைத் தானே மாட்டுவேன் என்றாள். நதீம் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். லேபில் பியூரெட்டைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து பழகிய விரல்கள், ஒரு ஸ்க்ரூ தவறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டாள். "தினமும் சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் இது ஓடணும். சும்மா கிடந்தா உப்பு தின்னுடும். நீங்களே பார்த்தீங்க."

"அப்ப காபி?"

"டிகாஷன் இறக்கி வெச்சிருக்கேன். பால் காய்ச்சத் தெரியுமில்ல."

ஆராய்ச்சி முடிவை எதிர்த்து என்ன பேசுவது? மரியதாஸ் அடுப்படிக்குப் போனார்.

மூன்று வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மூன்று முறை கடலில் விழுந்தாள். பல்லாவரம் மலையில் மோதினாள். ஒருமுறை விமான நிலையத்தையே தொலைத்துவிட்டுப் போரூர் ஏரியில் இறங்கினாள். "இன்னைக்கு எத்தனை பேர் காலி?" என்று கேட்டுக்கொண்டே காபியைக் கொண்டுவந்து வைப்பார் மரியதாஸ்.

நாலாவது வாரம் ஒரு புதன்கிழமை, விமானம் கடல் மேல் சரியான உயரத்துக்கு வந்தது. டோரதி சக்கரத்தை இறக்கினாள். தூரத்தில் கரை தெரிந்தது. மரியதாஸ் தம்ளரோடு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"சாந்தோம் வருது" என்றார்.

டோரதி ஜாய்ஸ்டிக்கை மெல்லப் பின்னுக்கு இழுத்தாள். வேகம் குறைந்தது, விமானத்தின் மூக்கு இடப்பக்கம் சாய்ந்தது, காற்று தள்ளியது. அவள் கண் தூரத்து ஓடுபாதையை விட்டு அசையவில்லை. சாந்தோம் கோயிலின் சிலுவைக் கோபுரம் எங்கோ ஓரத்தில் வெள்ளையாக வந்து போனது. அடையாறு போயிற்று, கிண்டி போயிற்று. ஒரு துள்ளு துள்ளி, சக்கரம் தரையைப் பிடித்து, விமானம் நின்றது. முதல் தடவையாக உடையாமல் நின்றது.

"வீடு தெரிஞ்சுதா?" என்றார் மரியதாஸ்.

டோரதி ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"பார்க்கல. கீழ பார்க்க நேரமே இல்லைங்க. பார்த்திருந்தா இறக்கியிருக்க முடியாது."

அவ்வளவுதானா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. ஆறு வயதிலிருந்து கையாட்டியதும் அண்ணாந்ததும் எந்த விமானியின் கண்ணிலும் பட்டிருக்காது. அவர்கள் பார்க்கக்கூடாது என்று பார்க்காமல் போகவில்லை. அத்தனை உயிரைக் கையில் வைத்துக்கொண்டு போனார்கள். அதை நினைத்ததும் அவர்கள் மேல் அவளுக்கு இருந்த மனத்தாங்கல் கரைந்துபோயிற்று. அப்படி ஒரு மனத்தாங்கல் இருந்ததே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அப்ப இத்தனை நாள் பட்ட பாடு?" என்றார் மரியதாஸ். அவர் முகமும் விழுந்துவிட்டது.

"அந்த நாற்காலியை இழுத்துப் பக்கத்துல போட்டு உக்காருங்க" என்றாள் டோரதி. "நான் ஓட்டறேன். கீழ பார்த்துச் சொல்றது உங்க வேலை."

அவர் தம்ளரை வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். விமானம் மறுபடி கடலுக்குப் போய்த் திரும்பி வந்தது. டோரதி ஓடுபாதையைப் பார்த்தாள். மரியதாஸ் திரையின் கீழ் ஓரத்தில் மூக்கு ஒட்டாத குறையாகக் குனிந்தார்.

"கோயில்… நெடுஞ்சாலை… இரு, இரு, ரெண்டாவது சந்து. டோரதி, நம்ம மாடி தெரியுது."

"நல்லாத் தெரியுதா?"

"சின்னதா, சாம்பக் கலர்ல. ஆனா நம்மளுதுதான். மாடியில யாரும் இல்லை."

"எப்படி இருப்பாங்க?" என்றாள் டோரதி, கண்ணை எடுக்காமல். "நாம ரெண்டு பேரும்தான் மேல பறந்துக்கிட்டு இருக்கோமே."