கன்று போட்ட நான்காம் நாள்

கூடுவாஞ்சேரியில் எங்கள் மாடுகள் மேய்ந்த நிலமெல்லாம் மனை போட்டு வீடாகிவிட்டது. ஆனாலும் மூன்று மாடு வைத்திருக்கிறோம். பால் கறந்ததும் அவிழ்த்து விடுவோம். தெருத்தெருவாகத் தின்றுவிட்டுச் சாயந்தரம் தானாக வந்துவிடும்.

கன்று போட்ட மாட்டைப் பத்து நாளாவது கட்டிவைக்க வேண்டும். நாயைக் கண்டால் பாயும். எனக்கு இது தெரியும். எங்கள் மாடு ஒன்று கன்று போட்ட நான்காம் நாள் வைக்கோல் தீர்ந்திருந்தது. போய் வாங்கிவரச் சோம்பல். அவிழ்த்து விட்டேன்.

பக்கத்துத் தெரு டீச்சரம்மா நாயோடு நடந்து வந்திருக்கிறார். நாயை முட்டப் பாய்ந்த மாடு அவரைத் தள்ளிவிட்டது. கை உடைந்தது. நான் ஓடிப்போனபோது கூட்டம் சேர்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மாடு பிடிக்கிற வண்டியும் வந்தது.

"யார் மாடுப்பா இது?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"தெரியல சார்" என்றேன்.

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். முந்தாநாள்தான் என் மனைவி அவருக்குச் சீம்பால் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மாடு யாருக்கும் அடங்கவில்லை. நான் போய்க் கழுத்தைத் தடவினேன். நின்றது. கயிற்றையும் நானே போட்டேன்.

"இன்னாண்ணா, உன் கைக்கு மட்டும் பூனையாட்டம் நிக்குது?"

"சின்ன வயசுல மாடு மேய்ச்ச பழக்கம்."

வண்டிக்காரர் சிரித்தார். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு நாளில் யாரும் கேட்டு வராவிட்டால் கோசாலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

வீட்டில் கன்று கத்திக்கொண்டே இருந்தது. வேறு மாட்டுப் பாலைப் புட்டியில் கொடுத்துப் பார்த்தேன். வாய் வைக்கவில்லை.

மறுநாள் காலையில் மனைவி கேட்டாள். "நீ போறியா, நான் போவட்டா?"

"என் மாடுன்னா கேஸ் போட்டுருவாங்க."

"போடட்டும். கன்னு செத்தா பரவால்லயா?"

நான் புட்டியை எடுத்துக்கொண்டு கன்றிடம் போனேன். அவள் புடவை மாற்றிக்கொண்டு முதலில் டீச்சரம்மா வீட்டுக்குப் போனாள். பிறகு நகராட்சி ஆபீசுக்குப் போய், மாடு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தாள். சாயந்தரம் குட்டியானை லோடு வண்டியில் மாட்டோடு வந்து இறங்கினாள். கன்று முட்டி முட்டிக் குடித்தது.

"டீச்சரம்மா இன்னா சொன்னாங்க?"

"கேஸ்லாம் இல்லன்னாங்க." கன்றைத் தடவிக்கொண்டே சொன்னாள். "உங்க வீட்டுக்காரர் வருவாருன்னு நெனச்சேன்னாங்க."

இரண்டு மாதம் ஆகிறது. அந்த வீட்டுக்குப் பால் ஊற்ற அவள்தான் போகிறாள். டீச்சரம்மாவின் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று நேற்று சொன்னாள். நான் இன்னும் போகவில்லை.