கசக்கி மோந்தா செரியாயிரும்

பூதப்பாண்டி தாண்டியதும் கண்டக்டர் பொன்னுலிங்கம் டிக்கெட் மிஷினை இடுப்போரம் தள்ளிவிட்டு, பயணிகளின் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார். யார் வாயை இறுக்கி மூடியிருக்கிறார்கள், யார் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள், யார் எச்சிலை விழுங்கிக்கொண்டே வருகிறார்கள் என்று ஒரு நோட்டம். தேறமாட்டார்கள் என்று பட்டவர்களின் மடியில், தோல்பையிலிருந்து ஒரு கொத்துத் திருநீற்றுப்பச்சிலை வந்து விழும்.

"மக்கா, இதக் கசக்கி மோந்து பாரு. செரியாயிரும்."

வடசேரியிலிருந்து கீரிப்பாறை மலைக்கு ஏறுகிற வண்டி அது. தடிக்காரன்கோணத்துக்கு அப்புறம் ரோடு நேராக இருந்தால்தானே! மற்ற கண்டக்டர்கள் பாலிதீன் கவர் கொடுப்பார்கள். இவர் பச்சிலை கொடுப்பார். புதினாவோடு கிராம்பைச் சேர்த்து இடித்தது போன்ற அந்த வாசம், எஸ்டேட் ஆட்களின் உடுப்பில் ஏறிய ரப்பர்பால் நாற்றத்தை அமுக்கிக்கொண்டு டிரைவர் சீட்டு வரை போகும்.

"அண்ணாச்சி, இது பஸ்ஸா, வைத்தியசாலையா?" என்பான் டிரைவர் ஜெஃப்ரின்.

"ரெண்டுந்தான்டே. நீ வளைவுல பையப் போ, எனக்கு வைத்தியம் கொறையும்."

சும்மா சொல்லக் கூடாது, அந்தச் செடியின் மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். காதுவலியா, இலையை வாட்டிப் பிழிந்து விடு. உடம்புச் சூடா, விதையை ஊறப்போட்டுக் குடி. கட்டிலில் மூட்டைப்பூச்சியா, பாய்க்கடியில் பரப்பு. முகப்பருவுக்குச் சாறு தேய்க்கச் சொன்னதைக் கேட்டு, கல்லூரிக்குப் போகும் ஜினிஷா மறுநாள் சிவந்த கன்னத்தோடு வந்து சண்டை பிடித்தாள். "ஏட்டி, நான் லேசாத் தடவச் சொன்னேன். நீ அரைச்சு அப்பியிருக்க!" என்று அவள் மேலேயே பழியைப் போட்டார். பச்சிலையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

வீட்டில் அடுக்களைச் சுவரை ஒட்டி வரிசையாக அதே செடிதான். காக்கிச் சட்டையை எத்தனை துவைத்தாலும் அதே வாசம். "நான் ஒங்களக் கெட்டுனேனா, இந்தச் செடியக் கெட்டுனேனா?" என்று அவர் மனைவி சபிதா கேட்பாள். கேட்டுவிட்டுச் சட்டையை ஒருதரம் முகர்ந்து பார்த்துத்தான் கொடியில் போடுவாள்.

இந்த வருஷம் சபிதாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. திருவனந்தபுரத்தில் கீமோ ஏற்றிக் கூட்டிவந்த அன்று, குடித்த கஞ்சித் தண்ணீர்கூட அவள் வயிற்றில் நிற்கவில்லை. பொன்னுலிங்கம் பதறவில்லை. எத்தனை பேர் வாந்தியை நிறுத்தியவர்! கொல்லைக்கு ஓடி, கை நிறையப் பறித்து, கசக்கி அவள் மூக்கருகே நீட்டினார்.

சபிதா ஓங்கரித்த ஓங்கரிப்பில் வெறும் பித்தநீர்தான் வந்தது. மூச்சு முட்டியது. "கொண்டு போங்க... அத அங்ஙன கொண்டு போங்க" என்று கையை வீசினாள். மருந்தின் குணம் இது, பிடித்த வாசமே பகையாகிவிடும், கொஞ்ச காலம் அண்டவிடாதீர்கள் என்றார் டாக்டர். பொன்னுலிங்கம் முதல்முறையாகப் பயந்தார். அவள் சாப்பிடாமல் இப்படியே கரைந்து போய்விடுவாளோ என்று பயந்தார்.

அன்று சாயங்காலமே ஒரு செடி விடாமல் பிடுங்கி, கொல்லைக்குப் பின்னால் ஓடும் சானல் தண்ணீரில் எறிந்தார். தோல்பையைக் கழுவிக் காயப்போட்டார். கீரிப்பாறை வண்டியிலும் பாலிதீன் கவர் வந்தது. "எலை எங்க அண்ணே?" என்று கேட்டவர்களிடம், "பட்டுப்போச்சு" என்றார்.

ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டுக்குப் போகும் ஜெயபாய் அதை உண்மை என்றே நம்பிவிட்டாள் போலும். நேற்று மாலை இறங்கும் வண்டியில் ஒரு பெரிய கட்டுப் பச்சிலையோடு ஏறினாள். "நீரு தந்த வெதைதான். எங்க முற்றம் முழுக்கக் கெடக்கு, பிடியும்." அவர் பின்வாங்கினார். அதற்குள் முன் சீட்டில் மாசமாக இருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். கை அவரைக் கேட்டுக்கொண்டா இருந்தது? கட்டைப் பிரித்து, கசக்கி, அவள் கையில் திணித்துவிட்டது. அவள் நிமிர்ந்து சிரித்தபோது, பாவம், இவருக்குத்தான் முகம் செத்துப்போயிற்று.

வீட்டு வாசல் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினார். எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தார். விரலை முகர்ந்து பார்த்தார். போகவில்லை. உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே நின்றார்.

கட்டிலில் படுத்திருந்த சபிதா தலையைத் திருப்பினாள். "ஏன் அங்ஙனயே நிக்கிய?"

"இன்னைக்கு எலையத் தொட்டுட்டேன். ஒனக்கு ஆவாது. நான் வெளியவே இருக்கேன்."

சபிதா ஒரு கையால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். மறு கையால், கட்டிலில் தன் பக்கத்தில் தட்டினாள்.