சீர்வரிசையில் ஒரு பாட்டில் ரத்தம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம். எனக்குப் பதிலாக யாரோ வெங்காய வடகம் போடுவது எப்படி என்று எழுதியிருந்தார்கள். 'இதுவே தொடரட்டும்' என்று அரூரிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். நன்றாக இருக்கட்டும்! அவர் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் சேலத்தில், ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், கையில் சீர்த்தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சீர்த்தட்டா? சொல்கிறேன்.

என் மகள் மலருக்கு ஏழு வயசு. இரண்டு மாதமாக முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினாள். லேசாக இடித்துக்கொண்டால்கூட அந்த இடம் நீலமாகக் கன்றிப் போனது. கம்பைநல்லூரில் எங்கள் தெருவே வைத்தியம் சொல்ல ஆரம்பித்தது – முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டுச் சுவரொட்டி என்கிற மண்ணீரல்... அவள் ஒரு வாய்க்கு மேல் தின்ன மாட்டாள். மிச்சத்தையெல்லாம் நான் காலி செய்தேன். ஒரே மாதத்தில் என் பேன்ட் எனக்குச் சேரவில்லை.

கடைசியில் மொரப்பூரில் ரயிலேறி சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் அவள் எலும்பில் ஊசி குத்தி, உள்ளே இருக்கும் மஜ்ஜையை எடுத்துச் சோதித்தார்.

"சார், ரத்தம் ஊறுறதே எலும்பு மஜ்ஜையிலதான். உங்க பொண்ணுக்கு அந்த ஊத்து அடைச்சுக்கிட்டிருக்கு. மருந்து தர்றேன். ஊத்து தெறக்கிற வரைக்கும் வெளியிலேருந்து ரத்தம் ஏத்தணும். முதல் பாட்டில் இந்த வாரமே வேணும். தள்ளிப்போடாதீங்க."

நான் ஹைஸ்கூல் அறிவியல் வாத்தியார். பதினோரு வருஷமாகக் கரும்பலகையில் இதயம் வரைகிறவன். சட்டைக் கையை மடித்துவிட்டு முன்னால் போய் நின்றேன். சோதித்தார்கள். என்னுடைய ரத்தம் 'பி'. மலருக்கு 'ஓ'. சேராதாம்! பெற்ற தகப்பன் ரத்தமே மகளுக்குச் சேராமல் போகலாம் என்று பாடமாக நடத்துவது வேறு, கேட்டுக்கொண்டு நிற்பது வேறு.

என் மனைவி லட்சுமிக்கும் 'ஓ'தான். ஆனால் அவள் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள். அவளிடம் எடுக்க டாக்டர் சம்மதிக்கவில்லை.

"இவங்களோட கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

லட்சுமி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

இருக்கிறார். இண்டூரில் அவளுடைய அண்ணன் மாதையன். எனக்கும் அவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது.

தப்பு யார் மேல்? இன்றைக்காவது ஒப்புக்கொள்கிறேன் – என் மேல்தான். மலருக்குக் காது குத்திய அன்று நடந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். மாதையன் வந்த பஸ்ஸோ நடுவழியில் படுத்துவிட்டது. இங்கே முகூர்த்தம் முடியப் போகிறது, ஆசாரி அவசரப்படுத்துகிறார். "மடின்னா எல்லாம் மடிதானே?" என்று பெரிய பகுத்தறிவுவாதி மாதிரி பேசி, என் மடியிலேயே வைத்து முடித்துவிட்டேன். அரை மணி கழித்து மாதையன் தட்டு வரிசையோடு வாசலில் வந்து நின்றார். குழந்தையின் காதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வீம்பு! வாத்தியார் அல்லவா?

மறுநாளே இண்டூர் போனேன். மாதையன் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்றடி முன்னால் போய் நின்றேன்.

"யாரோ வந்திருக்காங்க போல, என்னான்னு கேளு" என்றார் தன் மனைவி சின்னத்தாயியிடம்.

நானும் சின்னத்தாயியிடமே எல்லாவற்றையும் சொன்னேன். 'மலருக்கு' என்று ஆரம்பித்ததுமே புளி தட்டிய கை நின்றுவிட்டது. சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெரிய மீசைக்குக் கீழே உதடு துடித்தது. ஆனால் மனிதர் விடுவாரா?

"மருமவளுக்கு ரத்தம் குடுக்குறது தாய்மாமன் முறை. முறைக்கு அழைக்க வர்றவங்க வெறுங்கைய வீசிக்கிட்டா வருவாங்க? கேட்டுச் சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. ரத்தம் கேட்க வந்தவனுக்கு வெற்றிலை பாக்கு தோன்றுமா? அவசரமாகக் கடைத்தெருப் பக்கம் திரும்பினேன். பின்னாலேயே சின்னத்தாயி கிசுகிசுத்தாள்.

"அண்ணா, கடைக்கெல்லாம் போவாதீங்க. கொல்லப்பக்கமா வாங்க."

அவர்கள் வீட்டுத் தட்டு. அவர்கள் வீட்டுத் தேங்காய். அவர்கள் வீட்டு வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். எல்லாவற்றையும் என் கையில் அடுக்கிக் கொடுத்தாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் முன்வாசலுக்கு வந்தேன்.

மாதையன் தட்டைப் பார்த்தார். அடியில் அவருடைய பெயரே வெட்டியிருக்கும் தட்டு! துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"வாங்க மாப்ள, வாங்க. எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான் மச்சான். அன்னிக்கி நான் பண்ணது..."

"அத வுடுங்க. இந்தத் தடவையாச்சும் நான் வர்றதுக்குள்ள முடிச்சுராதீங்க."

சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தட்டை நீட்டினேன்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு வந்தார். தனியாகவா? எட்டுப் பேர். ஒன்பது தட்டு. ஆள் குறைகிறதே என்று மீதித் தட்டை என் கையில் திணித்துவிட்டார்கள். பட்டுப் பாவாடை, வளையல், பூ, பழம், பொரி... வராந்தாவே மணத்தது.

நர்ஸ் ஓடி வந்தார். "யாருக்குங்க கல்யாணம்? இது ஆஸ்பத்திரி!"

"தெரியுதுங்கம்மா. என் மருமவளுக்கு ரத்தம் குடுக்க வந்திருக்கறோம்."

"அதுக்கு ஒரு ஆள் போதுமே?"

"ரத்தம் குடுக்க ஒரு ஆள் போதும்ங்க. முறை செய்ய ஒரு ஆள் எப்படிங்க போதும்?"

அடுத்த பிரச்சினை, மணி எட்டு. ஒன்பது வரை ராகு காலம், அது கழியாமல் கையை நீட்ட மாட்டேன் என்றார் மாதையன். நல்லவேளை, "மொதல்ல டெஸ்டுக்குத்தான் ஒரு சொட்டு" என்று நர்ஸ் சமாளித்தார். டெஸ்டுக்கு ராகு காலம் பரவாயில்லையாம்! சோதனை முடிய ஒன்பதரை ஆகிவிட்டது. 'ஓ'. சேருகிறது! லட்சுமி சுவரில் சாய்ந்துகொண்டு அழுதுவிட்டாள்.

அவரைப் படுக்கவைத்து ஊசியைக் குத்தினார்கள். கண்ணாடி பாட்டிலில் ரத்தம் இறங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"இவ்ளோதானுங்களா? படிக்கணக்குல எடுப்பீங்கன்னு நெனச்சேன்."

அவர் கேட்டதுதான் எனக்கு ஞாபகம். அப்புறம் கண் விழித்தபோது நான் தரையில் கிடந்தேன். ரத்தம் கொடுத்தவருக்கு என்று கொண்டுவந்த ஆரஞ்சு ஜூஸை நர்ஸ் என் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். கட்டிலில் படுத்தபடியே மாதையன் எனக்குத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். ரத்த ஓட்டம் பாடம் நடத்துகிற வாத்தியாரின் லட்சணம் இது!

மத்தியானம் மலருக்கு அந்த ரத்தம் ஏறியது. சொட்டு, சொட்டாக. சாயங்காலம் அவள் உதட்டில் லேசாக ஒரு நிறம் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். பட்டுப் பாவாடையை இப்போதே கட்டிவிடச் சொல்லி அடம் பிடித்தாள். பிள்ளை அடம் பிடிப்பது இவ்வளவு இனிமையான விஷயமா? வாசகர்களே, எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

டாக்டர் வந்து பார்த்தார். இன்னும் சில பாட்டில்கள் தேவைப்படும் என்றார். மருந்து வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகலாம், பொறுமை வேண்டும் என்றார். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"வெளிநாட்டுல கூடப் பொறந்தவங்களோட எலும்பு மஜ்ஜையையே எடுத்து நோயாளிக்கு ஏத்திப் பார்க்கறாங்களாம். இங்கெல்லாம் அது வர இன்னும் ரொம்ப நாளாகும்."

மாதையன் வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றார்.

"எலும்புதானுங்களே? எந்தக் காலுங்க வேணும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். நர்ஸ் சிரித்தார். தட்டோடு வந்த மற்றவர்களும் சிரித்தார்கள். மாதையன் சிரிக்கவில்லை. பதில் வரும் என்று வேட்டியைப் பிடித்தபடியே நின்றார். டாக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கூட்டம் கலைந்ததும் மாதையன் என்னை வராந்தாவின் கோடிக்குக் கூட்டிப் போனார். அந்த மீசையும் அதட்டலும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"மாப்ள, நீங்க படிச்சவங்க. மறைக்காம சொல்லுங்க... புள்ள பொழச்சுக்குமில்லீங்க?"

"பொழச்சுக்குவா மச்சான். நிச்சயமா பொழச்சுக்குவா."

பதினோரு வருஷ சர்வீசில், ஆதாரம் இல்லாமல் இந்த அறிவியல் வாத்தியார் சொன்ன முதல் பதில் அது.