அக்ரஹாரத்தில் இல்லாத கண் மருத்துவமனை

1999 மழைக்காலம். நாங்கள் ஊட்டியில் இருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை என் கணவர் முருகேசனின் இடது கண்ணில் ஓரமாகக் கறுப்புத் திரை ஒன்று இறங்கியது. "விழித்திரையா இருக்கலாம், பெரிய ஊருக்குப் போயிடுங்க" என்றார் உள்ளூர் டாக்டர்.

கோவையா, மைசூரா? பிரவுசிங் சென்டரில் தேடினேன். முதலில் வந்த பக்கம் மைசூரின் அக்ரஹாரம் பகுதியில் ஒரு கண் மருத்துவமனையைக் காட்டியது. ஞாயிறுதோறும் விழித்திரை நிபுணர் வருவாராம். என் தம்பி பாபுவும் மைசூரில்தான் இருக்கிறான். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு, அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கூட்டமாக இருக்கும் என்று நினைத்து, ஞாயிறுவரை காத்திருந்தோம்.

ஊட்டியிலிருந்து மைசூர் 125 கிலோமீட்டர். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் கண்ணைப் பொத்திக்கொண்டார். குண்டலுபேட்டையில் டீக்கு நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார், "திரை பாதிக்கு மேல வந்துடுச்சு, செல்வி." டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

மைசூர் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய். அந்த முகவரியில் இருந்தது ஒரு பாத்திரக்கடை.

"ஆஸ்பத்திரியா? மூடி ரெண்டு வருஷம் ஆச்சு ரீ. நேத்துகூட ஒருத்தர் இப்படித்தான் கம்ப்யூட்டர் பேப்பரோட வந்தாரு" என்றார் கடைக்கார அம்மா, கன்னடம் கலந்த தமிழில். நான் தாளையே திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கண்டு, அவரே போனை என் பக்கம் நகர்த்தினார்.

பாபுவைக் கூப்பிட்டேன். அதே ஊரின் விஜயநகர் பகுதியிலிருந்து அவன் ஸ்கூட்டரில் பறந்து வந்து, அவசரப் பிரிவு உள்ள வேறொரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான்.

"எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டரம்மா.

"வெள்ளிக்கிழமை."

"ஏன் அன்னைக்கே வரல?"

அச்செடுத்த தாளை நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதுல தேதியே இல்லையேம்மா!"

அன்றே அறுவை சிகிச்சை. கட்டுப் பிரித்ததும் என் முகம் தெரிகிறது என்றார் முருகேசன். ஆனால் அந்தக் கண்ணால் எழுத்தைப் படிக்க இன்றுவரை முடியவில்லை. வெள்ளியன்றே போயிருந்தால்? டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

சிகிச்சைக்காகப் பயணம் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: போனை ஓர் ஆள் எடுத்துப் பேசிய பிறகே டிக்கெட் எடுங்கள். யாரும் எடுக்காவிட்டால், அதுவும் ஒரு பதில்தான்.

அந்தப் பக்கத்தை நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். போய்ச் சேராமல் திரும்பி வந்தது. பிறகு பாபு பாத்திரக்கடைச் சுவரில் கன்னடத்திலும் தமிழிலும் ஓர் அட்டை எழுதி ஒட்டினான்: 'கண் மருத்துவமனை இங்கே இல்லை. அவசரம் என்றால் உள்ளே வந்து கேளுங்கள்.' அந்த வருடம் முடிவதற்குள் ஐந்து பேர் உள்ளே போய்க் கேட்டார்களாம்.