சிறுமலையில் நான் கூப்பிடாத பெயர்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். சிறுமலைச் சோலைக்காட்டில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பத்து வயது மகள் ரோஸியைக் காணோம்.

திண்டுக்கல்லில் எங்கள் வாசலில் நின்று தினமும் அந்த மலையைப் பார்த்து ஏங்கியவள். பயத்தில் இரண்டு வருடம் தட்டிக்கழித்து, அன்றுதான் கூட்டிவந்திருந்தேன். சோலைக்குள் ரோடு கிடையாது, நடந்தே ஏறினோம்.

“ரோஸி! ரோஸி!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். வாழைத்தார் ஏற்றும் குதிரையோடு எங்களுக்கு வழிகாட்டி வந்தவர், முன்னாலிருந்து ஓடிவந்தார்.

“பள்ளிக்கூடத்துல கத்துறாப்ல கத்தாதீக வாத்தியாரே! கீழ காட்டுமாடு நிக்குது, மேல இருந்து இப்பத்தான் பாத்துட்டு வாரேன். மிரண்டுச்சுன்னா பிள்ளை மேலயே பாயும். செத்த நேரம் வாயை மூடிக்கிட்டு உக்காருங்க.”

பெற்றவனிடம் சொல்கிற பேச்சா அது? ஆனாலும் உட்கார்ந்தேன். இலைகளிலிருந்து நீர் சொட்டியது. உச்சிக் கிளையில் மலையணில் கத்தியது. காடு முழுக்கச் சத்தம். நான் ஏங்கியதோ ‘அப்பா’ என்ற ஒரு சொல்லுக்கு. பள்ளியிலிருந்து அவள் வரத் தாமதமானால், இன்றும் அதே ஏக்கத்தோடு வாசலில் போய் நிற்கிறேன்.

கடைசியில் புதர் விலகியது. பாவாடையெல்லாம் சேறாக ரோஸி வந்தாள். அழவில்லை.

“காட்டுமாடு பாதையை மறிச்சு நின்னுச்சுப்பா. நீங்க கத்தக் கத்த என்னையே முறைச்சுச்சு. நீங்க நிறுத்துன பெறகுதான் வழி விட்டுச்சு” என்றாள்.