கம்பி கட்டிய தாடை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரி இடித்து, சைக்கிளோடு விழுந்து எழுந்தபோது எனக்கு வலி தெரியவில்லை. வாயை மூடிப் பார்த்தேன். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரவில்லை. ஏதோ பெரிதாகக் கெட்டுவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

"உங்க பல்லுதான் சிம்பு, முறிஞ்ச எலும்பை அசையாம அதுதான் பிடிச்சுக்கும். மேலயும் கீழயும் கம்பி போட்டுக் கட்டிடுவோம். ஆறு வாரம் வாய் திறக்காது."

என் மனைவி கன்னியம்மாள் ராயபுரத்தில் மீன் விற்பவள். அவளிடம் ஒரு சிறிய குறட்டைக் கொடுத்தார். "வாந்தி வந்தா மூச்சு அடைச்சுக்கும். உடனே இந்தக் கம்பிகளை வெட்டிடணும்."

"மீனு வெட்ற கைதான் சார். ஆனா இது இவரு வாயாச்சே," என்றாள்.

கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலிருந்த இடுக்கில் ரப்பர் குழாய் வைத்து, வடிகட்டிய கஞ்சியும் மீன் சாறும் ஊற்றினாள். எனக்கு வேண்டியதைச் சிலேட்டில் எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டில் காட்டிக் கேட்டு வருவாள். இரண்டே நாளில் சிலேட்டை வைத்துவிட்டேன். என் கண்ணைப் பார்த்தே உப்பா, தண்ணீரா என்று தெரிந்துகொண்டாள்.

மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், குடித்த மோர் எதுக்களித்துக்கொண்டு வந்தது. வெளியேற வழியில்லை. மூச்சு நின்றது. என் தலையைத் தன் மடியில் கவிழ்த்து, உதட்டை விலக்கி, கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினாள்.

"இன்னாய்யா, மூச்சு வருதா? தலைய ஆட்டுய்யா!"

ஆட்டினேன். அதன் பிறகுதான் குறட்டைக் கீழே வைத்தாள்.

ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்பு கொஞ்சம் நகர்ந்திருந்தது. மறுபடி கட்டினார்கள், இன்னும் இரண்டு வாரம் கூடியது.

"நான் வெட்னதாலதான் இப்டி ஆயிக்கீதா, சார்?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ வெட்டலேன்னா வாரத்தை எண்ண ஆளே இருந்திருக்க மாட்டாரும்மா."

தாடை கட்டி வீடு திரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குறடு கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் மட்டும் போதாது. வீட்டில் இருப்பவரின் விரலைப் பிடித்து, எந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்று முன்பே தொட்டுக் காட்டிவிடுங்கள்.

கம்பியை எடுத்த அன்று ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. ஒரு இட்லியைத் தின்று முடிப்பதற்குள் அது ஆறிப்போயிற்று. எலும்பு கூடிவிட்டது, ஆனால் நரம்பு அடிபட்டதால், இடப்பக்கக் கீழுதட்டில் உணர்ச்சி திரும்பவில்லை.

முன்பெல்லாம் ஷிப்டுக்கு நேரமானால் தொழிற்சாலை வாசல் டீக்கடையில் கொதிக்கிற டீயை நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுவேன். இப்போது சூடு எனக்குப் பாதி உதட்டில்தான் தெரிகிறது. டம்ளரை வலப்பக்க உதட்டில் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன். உட்கார்ந்து, ஆறும்வரை காத்திருக்கிறேன். தொழிற்சாலைச் சங்கு ஊதுகிறது. ஊதட்டும்.