வாசமில்லாத பூவுக்கு எட்டு மார்க்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற எனக்கும் கிளாடியோலஸ் பூவுக்கும் என்ன சம்பந்தம்? மகள் பவித்ராதான். தோட்டக்கலை கடைசி வருஷம் படிக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரத்துத் தாவரத் தோட்டத்தில் பன்னிரண்டு ரகம் நட்டிருக்கிறாள். பொதுமக்கள் பத்துப் பேர் மார்க் போட்டால்தான் அவள் ஆய்வு செல்லும். ஏழு பேர் வந்து போட்டாயிற்று. "மிச்சம் என் பொறுப்பு" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். அதனால் தை மாதத்து ஞாயிறு ஒன்றில், கூட வேலை செய்யும் மாரியப்பனையும் அவன் மனைவி சரசுவையும் கிளப்பிக்கொண்டு போனேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காலை ஏழு மணி பஸ். பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். அங்கிருந்து மம்சாபுரம் ரோட்டில் ஆட்டோ, மூவருக்கும் சேர்த்து நூற்றைம்பது ரூபாய். "எம்புட்டுப் பூ பாத்தாலும் வெயிலுக்கு முன்ன வந்துருங்க, அண்ணாச்சி" என்றார் டிரைவர்.

உள்ளே போனதும் வாய் பிளந்துவிட்டேன். இடுப்புயரத் தண்டுகள். ஒவ்வொன்றிலும் கீழே மலர்ந்த பூ, நடுவில் பாதி விரிந்தது, உச்சியில் பச்சை மொட்டு. ரத்தச் சிவப்பு, ஊதா, தொண்டையில் சிவப்புக் கோடு போட்ட வெளிர் மஞ்சள்! நிறம், தண்டின் நீளம், பூக்களின் எண்ணிக்கை, வாசம் என்று நான்கு கட்டங்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் தராத மார்க்கை எல்லாம் நான் அள்ளிப் போட்டேன்.

பவித்ராவின் பேராசிரியை தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "வாசத்துக்கு எட்டா? இந்த ரகம் எதுக்குமே வாசம் கிடையாது. பார்க்காமப் போடுறவங்களைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கட்டமே. இந்த மூணு தாளும் செல்லாது."

பவித்ராவின் முகம் செத்துவிட்டது. பூவெல்லாம் நாலு நாளில் வாடிவிடும். அதற்குள் புதிதாக மூன்று பேருக்கு எங்கே போவாள்?

"மோந்து பாத்தீங்களா, இல்லையா?" என்று கேட்டார் பேராசிரியை.

"ஆத்தாடி! சாமிக்குப் போற பூவ மோந்து பாப்பாகளாக்கும்?" என்றாள் சரசு.

"இம்புட்டு அழகுக்கு வாசம் இல்லாமலா போகும்னு போட்டோம்மா" என்றான் மாரியப்பன்.

"அப்பா, நீயுமா?"

"ஏட்டி, நீ வளத்த பூவுக்கு வாசம் இல்லன்னு நான் எப்படி எழுதுவேன்?"

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு புதுத் தாள் கொடுத்தார். முதலிலிருந்து மறுபடியும் போட வேண்டும். இந்த வயதில் முதன்முறையாகப் பூவுக்குள் மூக்கை விட்டேன். மகரந்தம் ஒட்டியதுதான் மிச்சம். வாசம் துளியும் இல்லை. பன்னிரண்டுக்கும் பூஜ்யம்.

பேராசிரியை பழைய தாள்களையும் புதுத் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிறமும் நீளமும் எண்ணிக்கையும் அநேகமாக அப்படியே ஒத்துப்போயின. "கவனமாத்தான் பாத்திருக்காங்க. சேத்துக்கோ, பவித்ரா." அவள் துள்ளிய துள்ளலில் நானும் குதித்தேன், செருப்பு அறுந்தது.

கிளம்பும்போது பவித்ரா மஞ்சள் பூத்தண்டு ஒன்றை வெட்டிக் கொடுத்தாள். "மோந்தாச்சே, கோயிலுக்கு ஆகாது" என்றாள் சரசு.

"சூடிக் கொடுத்தவ ஊருல நின்னுக்கிட்டுச் சொல்றீங்களே, அத்தை!"

"அவ ஆண்டாள்ட்டி. நான் பேண்டேஜ்காரன் பொண்டாட்டி."

போக நினைப்பவர்கள் தை, மாசியில் போங்கள். ஒன்பது மணிக்குள் உள்ளே இருங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம், நல்ல செருப்பும்தான். மார்க் போடச் சொன்னால் கூச்சப்படாமல் மூக்கை நீட்டுங்கள்.

வீட்டுச் சொம்பில் நிற்கும் தண்டில் தினம் ஒரு மொட்டு விரிகிறது. வேலைக்குக் கிளம்புமுன் குனிந்து மோந்து பார்க்கிறேன். இன்றைக்கும் பூஜ்யம்தான்.